எட்டாம் இலக்கக்காரன் எங்கே நின்றான்?

அன்று பந்தெறிந்த கையால் இன்று மங்கல விளக்கேற்றி இந்த விழாவைத் தொடக்கிவைத்த தலைவர் அலோசியஸ் அவர்களே! பங்கு மண்டபத்தை மனமுவந்து திறந்துவிட்ட மதிப்புக்குரிய அருட்தந்தை அவர்களே! முன்வரிசையை முத்துக்களாக நிறைத்திருக்கும் மூத்தோரே! விடியற்காலையில் எழும்பி, கட்லற் உருட்டி, றோல்ஸ் சுற்றி, இப்போது கடைசி வரிசையில் களைத்துப்போய் அமர்ந்திருக்கும் தாய்மாரே! எங்கள் மொழி புரியாவிட்டாலும் எங்கள் முகம் புரிந்து வந்திருக்கும் ஜேர்மன் நண்பர்களே! தன் பெயர் எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் வெதுப்பக உரிமையாளர் ரால்ஃப் அவர்களே! பார்த்தீர்களா, இப்போதே சிரிக்கிறார்! எர்லாங்கனிலிருந்து தானே கார் ஓட்டி வந்திருக்கும் தமிழ்நாட்டுப் பொறியியலாளர் தம்பி முகுந்த் அவர்களே! உங்கள் அனைவருக்கும், எழுபத்திரண்டு வயதிலும் ஒலிவாங்கியைக் கண்டால் முழங்கால் நடுங்கும் இந்த மனுவேற்பிள்ளையின் பணிவான வணக்கம்.

அன்பர்களே, நான் பேச்சாளன் அல்லன். பேசச் சொன்னார்கள், மறுத்தேன். மறுபடியும் சொன்னார்கள், மறுபடியும் மறுத்தேன். மூன்றாம் முறை தலைவரின் துணைவியார் வெரோனிக்கா வந்தார். "அண்ணை, நீங்கள் பேசாட்டி அலோசியஸ்தான் பேசப்போறார். அவர் துவங்கினா நிப்பாட்டேலாது. சனத்தை நினைச்சாவது பேசுங்கோ" என்றார். சனத்தை நினைத்தேன். சம்மதித்தேன்.

பதினாறு அட்டைகளில் எழுதி, இலக்கமிட்டு, அடுக்கி வந்திருக்கிறேன். ஏழாம் அட்டையை மட்டும் காணவில்லை. அந்த இடம் வரும்போது பார்த்துக்கொள்வோம்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? மேசையில் இருக்கும் இந்தச் சட்டத்துக்காக. இதற்குள் இருப்பது படமன்று, பட்டமன்று, பாராட்டுப் பத்திரமுமன்று. மஞ்சளேறிய ஒரு தாள். 1987ஆம் ஆண்டு செப்டெம்பர் பத்தொன்பதாம் திகதி, சனிக்கிழமை, இதே பிர்கன்டால் நகரின் விளிம்பில் இருக்கும் புல்வெளியில் நடந்த பேஸ்போல் இறுதி ஆட்டத்தின் பதிவேடு. இருபது ஆண்டுக்குப் பிறகு இதைக் கழகத்தின் சுவரில் மாட்டப் போகிறோம். கண்ணாடியை இன்னும் பூட்டவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். காரணம் பதினாறாம் அட்டையில் இருக்கிறது.

அந்த ஆட்டத்தின் முடிவு என்ன? ஒன்றுக்குப் பூச்சியம்! ஒன்பது சுற்றுகள், இரண்டரை மணி நேரம், பதினெட்டுப் பேர், எண்ணற்ற பந்துகள். கிடைத்த ஓட்டம் எத்தனை? ஒன்று! ஒரே ஒன்று! ஒரு பிற்பகலில் இருநூறு, முந்நூறு என்று ஓட்டங்களைக் குவிக்கும் கிரிக்கட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களுக்கு இது ஓர் ஆட்டமா, அல்லது உண்ணாவிரதமா?

என்ன தம்பி முகுந்த்? "சார், ஹாஃப் டே ஆடி ஒரே ஒரு ரன்னா சார்? எங்க ஆபீஸ் டீமே பரவாயில்ல போலிருக்கே" என்கிறார். பொறுங்கள் தம்பி. அந்த ஒன்றுக்குள் என்ன இருந்தது என்று சொல்லத்தான் இந்த அட்டைகள்.

தாய்மாருக்காக விளையாட்டைச் சுருக்கிச் சொல்கிறேன். சதுரமாக நாலு மூலை. ஒரு மூலைக்குப் பெயர் வீடு. வீட்டில் நின்று பந்தை மட்டையால் அடிக்க வேண்டும். மற்ற மூன்று மூலைகளையும் காலால் தொட்டு, பந்தால் மடக்கப்படாமல், மறுபடி வீட்டுக்கு வந்து சேர வேண்டும். வந்தால் ஓர் ஓட்டம். வீடு திரும்பினால் மட்டுமே கணக்கு என்று விதி வைத்த விளையாட்டை, வீடு திரும்ப வழியில்லாத எங்களுக்கு யார் கற்றுத்தந்தார்? அதோ, அந்த ரால்ஃப்! மறுபடியும் சிரிக்கிறார்.

ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, பேர்லினைக் கடந்து, பிரித்து அனுப்பப்பட்டு, இந்த ஊருக்கு வந்து சேர்ந்த பதினான்கு பேர் அன்று பழைய சப்பாத்துத் தொழிற்சாலையில் தங்கியிருந்தோம். வேலை செய்யத் தடை. மாவட்ட எல்லையைத் தாண்டத் தடை. சாப்பிடலாம், தூங்கலாம், விண்ணப்பத்துக்குப் பதில் வருமா என்று தபால்காரரைப் பார்க்கலாம். பக்கத்துப் புல்வெளியில் சிலர் மட்டையும் கையுறையுமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கப் படைமுகாமுக்குத் தன் வெதுப்பகத்துப் பாண் கொண்டுபோன ரால்ஃப், அங்கே இந்த விளையாட்டைக் கற்று, இங்கே ஒரு கழகம் தொடங்கியிருந்தார்.

ஒரு நாள் அவர்களுடைய பந்து எங்கள் முற்றத்தில் விழுந்தது. அலோசியஸ் எடுத்தார். எண்பது மீற்றர் தூரம். எறிந்தார். அது ரால்ஃபின் கையுறைக்குள் போய் நேராக விழுந்தது. ரால்ஃப் கையுறையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி கையுறையைப் பார்த்தார். அன்று மாலை பெரிய தட்டோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

நாங்கள் என்ன செய்தோம்? ஒளித்துக்கொண்டோம்! முறைப்பாடு வந்திருக்கிறது என்றே நினைத்தோம். ஆங்கிலம் தெரிந்தவன் என்பதால் என்னைத் தள்ளிவிட்டார்கள். "யார் எறிந்தது?" என்று ரால்ஃப் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒருவரும் எறியவில்லை" என்றேன்! தானாகவே பறந்து போன பந்து! தட்டை மூடியிருந்த துணியை அவர் விலக்கினார். உள்ளே சுடச்சுட முப்பது இனிப்புப் பணிஸ். அதைக் கண்டதும் கதவுக்குப் பின்னாலிருந்து அலோசியஸ் தாமாகவே வெளியே வந்து, "நான்தான் எறிஞ்சனான்!" என்றார். தலைவர் தலையைக் குனிகிறார். உண்மைதானே தலைவரே?

இப்படித்தான் எங்களில் ஐந்து பேர் அந்த அணியில் சேர்ந்தார்கள். சேர்ந்தது எளிது, பழகியதுதான் பாடு. அலோசியஸ் பாடசாலைக் காலத்தில் வேகப்பந்து வீச்சாளர். கையை மடக்காமல் வீச வேண்டும் என்பது அவருக்கு ஞானஸ்நானம் போல. இங்கேயோ முழங்கையை மடக்கி எறிய வேண்டும். "கை மடிச்சு எறியிறதோ? அண்ணை, ஊரிலை அப்பிடி எறிஞ்சா விரலை நீட்டிச் சிரிப்பாங்கள். மானம் போற வேலை எனக்கு ஏலாது!" என்று ஒரு வாரம் உறுதியாக நின்றார். எட்டாம் நாள் யாரும் பார்க்காத நேரத்தில் தொழிற்சாலைச் சுவருக்கு மடக்கி எறிந்து பார்த்தார். சுவரில் பதிந்த அடையாளம் இன்றும் இருக்கிறது.

அடுத்தவர் பென்ஜமின். மன்னாரைச் சேர்ந்தவர், அன்று இருபத்தைந்து வயது. ஐந்தாம் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, நான் என்ன சொல்லப் போகிறேனோ என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். மட்டையை வீசவே மாட்டார். வரும் பந்தையெல்லாம் தடுத்துத் தரையில் போடுவார். "அடியுங்கள்! அடியுங்கள்!" என்று ரால்ஃப் கத்துவார். "அடிச்சா அவுட் ஆயிடுவன், அண்ணை. எங்கட கோச் எனக்குத் தடுக்கத்தான் பழக்கினவர்" என்று பென்ஜமின் என்னிடம் முறையிடுவார். அந்தத் தடுப்பு என்ன செய்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஐம்பத்திரண்டு வயதில் நான் ஓட முடியுமா? நில அளவைத் திணைக்களத்தில் இருபத்தாறு ஆண்டு படவரைஞனாக இருந்தவன் என்றதும் ரால்ஃப் பென்சிலை என் கையில் தந்தார். பதிவாளன் ஆனேன். விதிப்புத்தகத்தை நாற்பத்தாறு பக்கத்தில் பிரதி செய்து படித்தேன். களத்தில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் உண்டு. எறிபவர் ஒன்று. அவருக்கு எதிரே குந்தியிருந்து பிடிப்பவர் இரண்டு. இடப்பக்க எல்லையில் நிற்கும் ரால்ஃப் ஏழு. நடுவில், எல்லோருக்கும் பின்னால், தன்னந்தனியே நிற்பவர் எட்டு. அந்த எட்டுத்தான் பென்ஜமின். எட்டு உயரப் பந்தைப் பிடித்தால், அடித்தவரின் கட்டத்தில் எட்டு என்று எழுதி வட்டமிட வேண்டும். இந்த இலக்கத்தைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

இங்கேதான் ஏழாம் அட்டை வர வேண்டும். அன்பர்களே, அது தொலையவில்லை. என் சட்டைப்பையில் இருக்கிறது. வெட்கத்தால் ஒளித்து வைத்தேன். வெரோனிக்கா அங்கிருந்து, "வாசியுங்கோ அண்ணை, இருபது வருசமாப்போச்சு" என்கிறார். வாசிக்கிறேன்.

அந்தப் புல்வெளியின் பின்பகுதியில், புல்லுக்குள் புதைந்து ஒரு கல் இருந்தது. எல்லோரும் இடறினார்கள், எல்லோரும் திட்டினார்கள், எல்லோரும் கடந்து போனார்கள். நான் கடந்து போனேனா? படவரைஞன் அல்லவா! குந்தியிருந்து பாசியைச் சுரண்டினேன். எழுத்துகள் தெரிந்தன. நகர நூலகத்துக்குப் போய் வரைபடத்தை விரித்தேன். அது மாவட்ட எல்லைக்கல்! அந்தக் கல்லிலிருந்து வலப்பக்கம் தனியே நிற்கும் பிர்ச் மரம் வரை ஒரு நேர்கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் மாவட்டம், அந்தப் பக்கம் அடுத்த மாவட்டம். வேலியும் இல்லை, வெள்ளைக்கோடும் இல்லை. ஊர்க்காரர் ஒருவருக்கும் தெரியாது. ரால்ஃபுக்கே தெரியாது. எட்டாம் இலக்கக்காரன் தன் இடத்திலிருந்து பின்னோக்கிப் பதினெட்டு அடி வைத்தால், பத்தொன்பதாவது அடி குற்றம்!

பென்ஜமினுக்கு அது விளையாட்டான குற்றம் அன்று. அதற்கு முந்திய ஆண்டு டுசல்டோர்ஃபில் அவருடைய அக்காவின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். அனுமதித்தாள் இல்லாமல் ரயிலேறிப் பிடிபட்டிருந்தார். முதல் தடவை எச்சரிக்கை. இரண்டாம் தடவை வழக்கு, சிலவேளை சிறை. அவருடைய அகதி விண்ணப்பமோ விசாரணைக்குக் காத்திருந்தது. அது வென்றால் மட்டுமே மன்னாரில் காத்திருக்கும் தன் மணப்பெண் பிளோறன்ஸை இங்கே அழைக்கலாம். அந்தப் பிளோறன்ஸ்தான் இதோ இரண்டாம் வரிசையில், பச்சைச் சேலையில் இருக்கிறார்.

சரி, கல்லைக் கண்டேன். கண்டதைப் பென்ஜமினுக்குச் சொன்னேன். அதோடு நிறுத்தினேனா? நிறுத்தவில்லையே! விதி தெரியாமல் விதியை மீறக்கூடாது என்று, வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். தட்டச்சில், மூன்று பிரதிகள், வரைபடமும் இணைத்து! "எட்டாம் இலக்க ஆட்டக்காரர் பந்தைத் துரத்திச் செல்லும்போது, எல்லைக்கோட்டுக்கு அப்பால் ஏறக்குறைய ஐந்து மீற்றர் தூரம், ஏறக்குறைய பத்து விநாடி நேரம் செல்ல அனுமதி உண்டா?" என்று பணிவோடு கேட்டேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. அதிகாரி ஹெர் லாங்கேயின் கையொப்பத்தோடு வந்தது. மாவட்டத்தைவிட்டு வெளியேறும் ஒவ்வொரு தடவைக்கும் தனித்தனி விண்ணப்பம் வேண்டும். போகும் இடம், நோக்கம், திரும்பும் நேரம் மூன்றையும் குறிப்பிட்டுப் பதினான்கு நாட்களுக்கு முன்பே கொடுக்க வேண்டும். பந்து எந்த நாளில், எந்த நிமிடத்தில், எந்தப் பக்கம் வரும் என்று பதினான்கு நாளுக்கு முன்பே தெரிந்தவனாக இருந்தால், நான் ஏன் சப்பாத்துத் தொழிற்சாலையில் படுத்திருந்தேன்? சாத்திரம் சொல்லியே மாளிகை கட்டியிருக்க மாட்டேனா?

அலோசியஸ் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஆரண்ணை உங்களை எழுதச் சொன்னது? ஒருத்தருக்கும் தெரியாத கோட்டை நீங்களே கண்டுபிடிச்சு, நீங்களே படம் கீறி, நீங்களே அவங்களிட்டைக் காட்டிக் குடுத்திட்டியளே!"

ஆனால் பென்ஜமின் கோபிக்கவில்லை. "விடு மச்சான். அண்ணை எனக்கு நல்லதுக்குத்தான் செய்தவர். நான் பதினெட்டு அடியோடை நிண்டிடுறன்" என்றார். அந்த நல்ல வார்த்தை என்னை எத்தனை நாள் உறங்கவிடாமல் செய்தது என்று அவருக்குத் தெரியாது. ஏழாம் அட்டை முடிந்தது.

அந்தப் பருவம் முழுவதும் பிர்கன்டால் மக்கள் ஒரு புதுமையைக் கண்டார்கள். பந்து பின்னால் பறக்கும். பென்ஜமின் மான் போல ஓடுவார். பதினெட்டாவது அடியில், ரயில் கடவை மூடியது போல, சடாரென்று நிற்பார்! பந்து அவருக்கு முன்னால் உருண்டு போகும். இடப்பக்கத்திலிருந்து ரால்ஃப், அன்று நூற்றுப்பத்துக் கிலோ, மூச்சு வாங்க வாங்க ஓடிவந்து, எல்லை தாண்டி, பந்தை எடுத்துக்கொண்டு மீள்வார். "இந்தத் தமிழருக்கு அந்தப் பக்கத்துப் புல் ஒத்துக்கொள்ளாதா?" என்று பார்வையாளர்கள் கேட்பார்கள். அந்தக் கோட்டால் நாங்கள் இழந்த ஓட்டங்கள் ஏழு. பட்டியல் என்னிடம் இருக்கிறது. வேண்டாமா? சரி, வாசிக்கவில்லை.

அப்படியும் இறுதி ஆட்டத்துக்கு வந்தோம்! முதலிடத்தில் வந்ததால் ஆட்டம் எங்கள் புல்வெளியில். எதிரணி அடுத்த மாவட்டத்திலிருந்து வந்த பலசாலிகள். இருநூறு பேர் கூடினார்கள். என் பதிவு மேசைக்குப் பின்னால் ஒருவர் நாற்காலி போட்டு அமர்ந்தார். சாம்பல் நிற மேலங்கி, மடியில் கறுப்புக் கோப்பு, கையில் ஒரு துண்டு பிளம்ஸ் கேக். திரும்பிப் பார்த்தேன். ஹெர் லாங்கே! "உங்கள் கடிதம் சுவாரசியமாக இருந்தது. இடத்தை நேரில் பார்க்க வந்தேன்" என்றார். பென்சில் என் கையிலிருந்து விழுந்தது.

பென்ஜமினின் விசாரணை எப்போது? அடுத்த செவ்வாய்க்கிழமை! இன்னும் மூன்றே நாட்கள்!

ஆட்டம் தொடங்கியது. அலோசியஸ் எறிந்தார், எறிந்தார், மடக்கி மடக்கி எறிந்தார். மானம் போகவில்லை தலைவரே, மானம் வந்தது! எங்களுக்கும் ஓட்டமில்லை, அவர்களுக்கும் ஓட்டமில்லை. பூச்சியம், பூச்சியம், பூச்சியம் என்று ஐந்து சுற்றும் முட்டை அடுக்கினேன்.

ஆறாம் சுற்றில் ரால்ஃப் எப்படியோ மூன்றாம் மூலைவரை வந்துவிட்டார். மட்டை பிடிக்கும் முறை பென்ஜமினுடையது. எல்லோரும் "அடி! அடி!" என்று கத்தினார்கள். பென்ஜமின் என்ன செய்தார்? முன்காலை எடுத்து வைத்தார். மட்டையைத் தாழ்த்தினார். தடுத்தார்! பந்து இரண்டடி தூரத்தில், உறங்கும் பூனை போலச் சுருண்டு கிடந்தது. எதிரணி எறிபவர் ஒரு கணம் திகைத்தார். அந்த ஒரு கணத்தில் ரால்ஃப் ஓடினார். மாமூட்டை ஒன்று மலையிலிருந்து உருள்வது போல ஓடினார். உருண்டார், விழுந்தார், வயிற்றால் வழுக்கினார், வீட்டைத் தொட்டார்! அடிக்காத அடியால் வந்த ஓட்டம்! ஆசைப்படாத மட்டையால் வந்த ஓட்டம்! தம்பி முகுந்த், கேட்டீர்களே, அந்த ஒன்று இதுதான்!

ஆனால் ஒன்றைக் காப்பது நூறைக் காப்பதைவிடக் கடினம் அல்லவா? ஒன்பதாம் சுற்று. எதிரணியின் கடைசி முறை. களத்துக்குப் போகுமுன் பென்ஜமின் தண்ணீர் குடிக்கிற சாட்டில் என் மேசைக்கு வந்தார்.

"அண்ணை, அந்தாள் வந்திருக்கிறார்."

"ஓம் தம்பி. கண்டனான்."

"பிளோறன்ஸுக்கு இந்தமுறை நல்ல சேதி எழுதலாமெண்டு இருந்தனான்."

"எழுதுவியள். பதினெட்டு அடி, தம்பி. பந்து எங்கை போனாலும் போகட்டும். பதினெட்டு."

"பதினெட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அலோசியஸ் இரண்டு பேரை வீழ்த்தினார். இன்னும் ஒருவர் வீழ்ந்தால் கோப்பை எங்களுக்கு. ஆனால் எதிரணியில் இரண்டு பேர் மூலைகளில் காத்திருந்தார்கள். பந்து தரையில் விழுந்தால் இருவரும் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். எங்களுக்கும் ஒரு முறை மிச்சம் இருந்ததுதான். ஆனால் எங்களில் அடுத்த மூவரும் அன்று முழுவதும் பந்தைத் தொடவே இல்லை. அதையும் பதிவேடு சொல்கிறது.

மட்டை பிடிக்க வந்தார் செந்தாடி வைத்த ஒரு தச்சர். அலோசியஸ் எறிந்தார். தச்சர் அடித்தார். அந்த ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. பந்து மேலே போனது. மேலே, மேலே, பிறகு பின்னாலே. நடுவே! நேரே எட்டுக்கு மேலே!

பென்ஜமின் முதுகைத் திருப்பி ஓடினார். நான் எண்ணினேன். பத்து, பன்னிரண்டு, பதினைந்து, பதினெட்டு! நின்றார். ஆம், நின்றார். கண்ணிமைக்கும் நேரம். அந்தக் கோடு எங்கே இருந்தது? புல்லுக்குத் தெரியுமா? காற்றுக்குத் தெரியுமா? பறக்கும் பந்துக்குத் தெரியுமா? அந்த இருநூறு பேரில் அதைத் துல்லியமாக அறிந்தவர்கள் இருவர். ஒருவன் அவன், அவனுக்குச் சொன்னவன் நான்!

பத்தொன்பது. இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு! கையை நீட்டினான், பிடித்தான்!

என்ன சத்தம்! என்ன ஆரவாரம்! நடுவர் கையை உயர்த்தினார். ரால்ஃப் அலோசியஸைத் தூக்கினார். பிறகு அலோசியஸ் ரால்ஃபைத் தூக்கப் பார்த்தார், அது நடக்கவில்லை. ஆனால் பென்ஜமின் மட்டும் அசையவில்லை. பந்தை நெஞ்சோடு அணைத்தபடி, அடுத்த மாவட்டத்தில், தனியே நின்றார்.

பிளோறன்ஸ் எழும்பிவிட்டார்! "எனக்கு இதொண்டையும் எழுதேல்லை இவர்! கப் எடுத்தனாங்கள் எண்டு மட்டும் எழுதினவர்!" என்கிறார். தங்கச்சி, அமருங்கள். வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். பென்ஜமின், நீங்கள் ஏன் கதிரைக்குக் கீழே பார்க்கிறீர்கள்?

நான் கொண்டாடவில்லை. குனிந்து, தச்சரின் கட்டத்தில் எட்டு என்று எழுதினேன். வட்டமிட்டேன். இங்கே பாருங்கள், அந்த வட்டம் வட்டமாக இல்லை. பதிவேட்டின் மேல் ஒரு நிழல் விழுந்தது.

"ஹெர் மனுவேற்பிள்ளை, எட்டாம் இலக்கக்காரர் பந்தைப் பிடித்தபோது எங்கே நின்றார்?" என்று ஹெர் லாங்கே கேட்டார்.

நூறு மீற்றருக்கு அப்பால் கோடில்லாத புல். அவருடைய கண்ணுக்குத் தெரியாது. என் கண்ணுக்குத் தெரியும். இருபத்தாறு ஆண்டு அரச சேவையில் ஒரு கோட்டையும் பொய்யாகக் கீறாதவன் நான். பொய் சொன்னால் என் தொழிலின் நேர்மை போச்சு. மெய் சொன்னால் அந்தப் பிள்ளையின் வாழ்க்கை போச்சு. 

பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினேன். "ஐயா, இந்தத் தாளில் நாங்கள் இடத்தை எழுதுவதில்லை. ஆளைத்தான் எழுதுகிறோம். முன்னால் வந்து பிடித்தாலும் எட்டு. பின்னால் போய்ப் பிடித்தாலும் எட்டு. எங்கே நின்றாலும் அவர் எட்டுத்தான்" என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு அடியில் விரலை வைத்தார். "குறிப்புகள் என்று ஒரு பெட்டி இருக்கிறதே?"

"இருக்கிறது, ஐயா."

"வெறுமையாக இருக்கிறது."

"நான் இன்னும் எழுதவில்லை, ஐயா."

என்னைப் பார்த்தார். தூரத்தில் நின்ற பென்ஜமினைப் பார்த்தார். கையிலிருந்த கேக்கைப் பார்த்து, மிச்சத்தை வாயில் போட்டு, ஆறுதலாக மென்று விழுங்கினார். மடியிலிருந்த கோப்பினை மூடினார். "குறிப்புப் பெட்டியை நிரப்புகிறவர்களால்தான் எனக்கு வேலை கூடுகிறது. அந்த இளைஞரை வரச் சொல்லுங்கள், கோப்பை கொடுக்கப் போகிறார்கள். இன்னொன்று, ஹெர் மனுவேற்பிள்ளை."

"ஐயா?"

"இனிமேல் எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்."

எழுதவில்லை, அன்பர்களே! இன்றுவரை எழுதவில்லை! இந்த விழாவுக்கு அவரை அழைக்க விரும்பினேன். அழைப்பிதழும் ஒரு கடிதம்தானே என்று தயங்கித் தயங்கி, கடைசியில் வெரோனிக்காவைக்கொண்டு தொலைபேசியில் கேட்டேன். ஓய்வுபெற்று மகளோடு கடற்கரைப் பக்கம் இருக்கிறாராம். வர இயலாதாம். "தபாலில் ஒன்றும் அனுப்ப வேண்டாம், கேக் மட்டும் அனுப்பலாம்" என்றாராம்.

செவ்வாய்க்கிழமை விசாரணை நடந்தது. மூன்று மாதத்தில் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. இரண்டு ஆண்டில் பிளோறன்ஸ் வந்தார். இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த ஆட்டத்துக்கு மறுநாள், ஞாயிறு பூசை முடிந்ததும், அளவு நாடாவோடு தனியே அந்தப் புல்வெளிக்குப் போனேன். முதல் நாள் ஈரத்தில் பதிந்த குதிகால் அடையாளம் அப்படியே இருந்தது. கோட்டிலிருந்து அளந்தேன். மறுபடியும் அளந்தேன். அந்த எண்ணை யாருக்கும் சொல்லவில்லை. இருபது ஆண்டாக எனக்குள் ஒரு கேள்வி. நான் அன்று உண்மையைச் சொன்னேனா, உண்மைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேனா? சரியாகத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

ஆனால் ஒன்று தெரியும். இந்த வசந்த காலத்தில் பென்ஜமினுக்கு ஜேர்மன் குடியுரிமை கிடைத்தது. அவர் இன்று என்ன வேலை செய்கிறார்? பஸ் ஓட்டுகிறார்! எந்தப் பாதையில்? பிர்கன்டாலிலிருந்து அடுத்த மாவட்டத்துக்கு! அந்த எல்லையை ஒரு நாளைக்கு எத்தனை தடவை கடக்கிறார்? நானே ஏறி அமர்ந்து எண்ணினேன். பதினாறு தடவை! ஒரு விண்ணப்பமும் இல்லாமல், ஒரு முத்திரையும் இல்லாமல், ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு பதினாறு தடவை! எந்தப் பத்தொன்பதாவது அடிக்கு அஞ்சினாரோ, அந்த அடியின் மேல் இன்று பஸ்ஸின் சக்கரம் உருள்கிறது.

அன்பர்களே! எங்களைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிறுத்தினார்கள், அந்தப் பக்கம் நிறுத்தினார்கள். ஷோனெஃபெல்டில் வரிசையில் நிறுத்தினார்கள், அலுவலக வாசலில் நிறுத்தினார்கள். இன்று எங்கள் பிள்ளைகள் எத்தனையோ நாடுகளில் நிற்கிறார்கள். நிற்கும் இடத்தை வைத்தா ஒருவனை எழுதுவது? நிற்கும் இடம் மாறினால் ஆள் மாறிவிடுகிறானா? யாழ்ப்பாணத்தில் நின்றாலும், மன்னாரில் நின்றாலும், எர்லாங்கனில் நின்றாலும், எங்கே நின்றாலும் எட்டு எட்டுத்தான்! பந்து வரும்போது அவன் கையை நீட்டுகிறானா என்பதே கேள்வி! நீட்டினான்! பிடித்தான்! அதுவே பதிவு!

பதினாறாம் அட்டைக்கு வந்துவிட்டேன். கண்ணாடியைப் பூட்டாமல் வைத்ததற்குக் காரணம், குறிப்புப் பெட்டி இன்னும் வெறுமையாக இருப்பதுதான். இனி அந்த எண்ணால் எவருக்கும் கேடில்லை. பென்ஜமின், இத்தனை பேர் முன்னிலையில் உங்கள் அனுமதியைக் கேட்கிறேன். எழுதலாமா?

"எழுதுங்கோ அண்ணை!" என்கிறார். நன்றி தம்பி. பொறுங்கள், இன்னும் ஏதோ சொல்கிறார். "அஞ்சு மீற்றர் எண்டு எழுதுங்கோ" என்கிறார்! கேட்டீர்களா? அன்று ஓரங்குலம் இருந்தாலும் அழித்துவிடுங்கோ என்று கும்பிட்டிருப்பார். இன்று நீட்டி எழுதச் சொல்கிறார்! ஐந்து இல்லை, தம்பி. இரண்டு தடவை அளந்தேன்.

ஆனால் இதை எழுத வேண்டியவன் நான் அல்லன். இந்தத் தூரத்தின் அந்தப் பக்கத்தில் நின்று, இரண்டு ஆண்டு காத்திருந்தவர் எழுதுவதே பொருத்தம். பிளோறன்ஸ் தங்கச்சி, மேடைக்கு வாருங்கள். இதோ பேனை. மூன்று. புள்ளி. நான்கு, பூச்சியம். மூன்று மீற்றர் நாற்பது சென்ரிமீற்றர்.

கீழே நின்று பென்ஜமின் இன்னும், "அஞ்சு, பிளோறன்ஸ், அஞ்சு!" என்கிறார். பிளோறன்ஸ் என்ன சொல்கிறார் கேளுங்கள். "அண்ணை அளந்தது சரியாத்தான் இருக்கும். நீங்கள் பேசாமல் இருங்கோ. எனக்கு மறைச்சதுக்கு வீட்டை வாங்கோ, கதைப்பம்!"

எழுதிவிட்டார். தலைவரே, கண்ணாடியைப் பூட்டலாம்.

நடுங்கிய குரலைப் பொறுத்துக்கொண்ட பெரியோருக்கும், ஆறிக்கொண்டிருக்கும் கட்லற்றைப் பொறுத்துக்கொண்ட தாய்மாருக்கும், ஒரு சொல்லும் புரியாமல் ஒவ்வொரு இடத்திலும் சரியாகச் சிரித்த ரால்ஃபுக்கும், எங்கேயோ ஒரு கடற்கரையில் தபாலுக்குப் பயந்து வாழும் அந்த நல்ல மனிதருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நீங்கள் எங்கே நின்றாலும் நீங்களாகவே நிற்க, உங்கள் பக்கம் வரும் பந்தெல்லாம் உங்கள் கைக்குள் விழ வாழ்த்தி, பதினாறு அட்டைகளையும் அடுக்கி வைத்துவிட்டு, கும்பிட்டு விடைபெறுகிறேன். வணக்கம்.